புத்தகத்தைக் கடிக்கும் பிள்ளை

அன்புள்ள அக்காவுக்கு,

மட்டக்குளியில் முச்சக்கரவண்டி ஓட்டுகிறேன். ஹயர் இல்லாத நேரங்களில் உங்கள் எழுத்தை வாசிப்பதுண்டு. மகளுக்குப் பத்து மாதம். ஒன்பதாம் மாத ஊசிக்குக் கிளினிக் கொண்டுபோனோம். நிறை பார்த்தார்கள், ஊசி போட்டார்கள், அனுப்பிவிட்டார்கள். அமெரிக்காவில் டாக்டர்மாரே கைக்குழந்தைக்குப் புத்தகம் கொடுக்கிறார்கள் என்று ஒரு காணொளியில் பார்த்து, நானும் ஒன்று வாங்கிக் கொடுத்தேன். மூலையைக் கடித்துத் தின்றுவிட்டாள். "பேச்சு வராத பிள்ளைக்குப் புத்தகமா, அந்தக் காசுக்குப் பால்மாப் பெட்டி வாங்கலாமே" என்று அம்மா ஏசுகிறார். மனைவி தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் ஆண்டோடு நின்றவர், எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பார். இது எங்களைப் போன்றவர்களுக்கும் ஆகக்கூடிய காரியம்தானா?

ஒரு வாசகர், கொழும்பு 15

அன்புள்ள தம்பிக்கு,

கடிக்கட்டும். அந்த வயதில் பிள்ளை எதையும் வாயில் வைத்துத்தான் அறிகிறது.

நீங்கள் பார்த்தது அநேகமாக 'ரீச் அவுட் அண்ட் ரீட்' என்ற திட்டத்தைப் பற்றியதாக இருக்கும். 1989இல் பொஸ்டன் நகர வைத்தியசாலையில் பாரி ஸக்கர்மன், ராபர்ட் நீடில்மன் என்ற குழந்தை வைத்தியர்கள் வேறு சிலரோடு சேர்ந்து தொடங்கியது. அங்கே வருகிறவர்கள் பெரும்பாலும் ஏழைகள். காத்திருக்கும் இடத்தில் வைத்த புத்தகங்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. வேறு யாராவது என்றால் 'எடுத்துச் செல்லக் கூடாது' என்று எழுதி ஒட்டியிருப்பார்கள். ஸக்கர்மனுக்கோ, இவர்கள் வீட்டில் புத்தகமே இல்லை என்பது விளங்கியது. பிறகு கையிலேயே கொடுக்கத் தொடங்கினார்கள்: ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை, பிள்ளையைக் காட்ட வரும்போதெல்லாம் ஒரு புதுப் புத்தகம், கூடவே வைத்தியரின் நாலு வார்த்தை.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது புத்தகத்தைக் கொடுக்கும் நேரம். புறப்படும்போது தரும் பரிசாக அதை வைக்காமல், பரிசோதனையின் தொடக்கத்திலேயே வைத்தியர் நீட்டுவார். நீட்டிவிட்டுக் கவனிப்பார். ஆறு மாதப் பிள்ளை எட்டிப் பிடித்து வாய்க்குக் கொண்டுபோகிறதா? ஒரு வயதுப் பிள்ளை தடித்த அட்டையைப் புரட்டப் பார்க்கிறதா? ஒன்றரை வயதில் "நாய் எங்கே" என்றால் விரல் போகிறதா, போனதும் தாயின் முகத்தைத் திரும்பிப் பார்க்கிறதா? கையும் கண்ணும் பேச்சும் எப்படி வளர்கின்றன என்பதில் பாதி அங்கேயே தெரிந்துவிடும். உங்கள் மகள் தின்ற மூலையைக் கண்டால் அவர் மகிழ்ந்திருப்பார்.

நம்மிடம் இதற்கான ஆள் கூட்டம் ஏற்கெனவே இருக்கிறது. நூலகத்தின் வாசலையே மிதிக்காத குடும்பமும் ஊசிக்குக் கிளினிக் போகிறது. இரண்டு, நான்கு, ஆறு, ஒன்பது மாதங்கள், பிறகு ஒரு வயது, ஒன்றரை, மூன்று, ஐந்து என்று தடுப்பூசி அட்டவணையே பிள்ளையை எட்டுத் தடவை கொண்டுவந்து நிறுத்துகிறது. குடும்பநல உத்தியோகத்தர்களுக்கு வேலை தலைக்கு மேல் என்பது உண்மைதான். ஆனால் புத்தகத்தை நீட்ட எவ்வளவு நேரம் வேண்டும்?

நானும் ஒருமுறை முயன்றேன். சில வருடங்களுக்கு முன் நண்பர்களோடு சேர்ந்து கொழும்பில் ஒரு கிளினிக்குக்கு முப்பது படப்புத்தகங்கள் கொடுத்தோம். மூன்று மாதம் கழித்துப் போனால், அத்தனையும் கண்ணாடி அலுமாரிக்குள் வரிசையாக நிற்கின்றன. எதிரே வாங்கில் தாய்மார். மடியில் பிள்ளைகள் கிளினிக் கொப்பியின் மூலையைச் சப்பிக்கொண்டிருக்கிறார்கள். "வெளியே வைத்தால் கிழித்துவிடுவார்கள்" என்றார் பொறுப்பானவர். திறப்போ அன்று லீவில் போனவரிடம். பொஸ்டனில் காணாமல் போனதால்தான் ஒரு திட்டமே பிறந்தது. எங்கள் புத்தகம் ஒன்றுகூடக் காணாமல் போகவில்லை.

எங்கள் பிழையும் உண்டு. அந்த முப்பதில் தமிழ்ப் புத்தகம் ஒன்பதுதான். கைக்குழந்தைக்கு ஏற்ற தடித்த அட்டையில், கட்டுப்படியாகும் விலையில் தமிழில் தேடிப் பாருங்கள், எங்கள் பாடு தெரியும்.

உங்கள் மனைவி எழுத்துக்கூட்டி வாசிப்பதைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். அமெரிக்க வைத்தியர்களும் தாய்மாரிடம், வீட்டில் பேசும் மொழியில் படத்தைக் காட்டிப் பேசுங்கள் என்றுதான் சொல்கிறார்கள். மாட்டின் படம் வந்தால் மாடு எப்படிக் கத்தும் என்று கத்திக் காட்டட்டும். மழை வந்தால் தோட்டத்து மழையைச் சொல்லட்டும். அச்சிட்ட வரியை விட்டுவிட்டாலும் பிள்ளை வழக்குப் போடாது. ஏசுகிற அம்மாவிடமும் ஒருநாள் மாலை பிள்ளையையும் புத்தகத்தையும் சேர்த்து மடியில் வைத்துவிட்டு ஹயருக்குப் போய்விடுங்கள். எவ்வளவு நேரம்தான் பேசாமல் இருப்பார்?

ஒரு வயது ஊசிக்குப் போகும்போது, மூலை போன அந்தப் புத்தகத்தையும் பையில் போடுங்கள். வாங்கில் இருக்கும்போது எடுத்து விரியுங்கள். பக்கத்துப் பிள்ளை கை நீட்டினால் கொடுங்கள். அதுவும் கடிக்கும்.