கேள்வி–பதில்: தொப்பியில் தொடங்கிய கால்பந்து

(சென்ற இதழில் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு எஃப்.சி. என்ற பழைய கால்பந்துக் கழகம் பற்றியும் 1858இல் அது எழுதிய ஆட்ட விதிகள் பற்றியும் ஒரு குறிப்பு வந்தது. அதைத் தொடர்ந்து வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த வாரம் பதில்கள்.)

கே: உலகின் மிகப் பழைய கால்பந்துக் கழகம் ஷெஃபீல்டு எஃப்.சி. என்கிறீர்கள். நாட்ஸ் கவுன்டி என்றுதானே படித்திருக்கிறோம்?

ப: இரண்டும் சரிதான். நடுவில் ஒரு சொல்லை விட்டுவிடுவதால் குழப்பம் வருகிறது. நாட்ஸ் கவுன்டி 1862இல் தொடங்கியது. இன்றைக்கும் இருக்கும் *தொழில்முறை* கழகங்களில் அதுதான் மூத்தது. ஷெஃபீல்டு எஃப்.சி. 1857 அக்டோபர் 24 அன்று பிறந்தது. ஆனால் அது தொழில்முறைக் கழகமாக வளரவில்லை.

ஷெஃபீல்டைப் பற்றி எழுதும்போதும் "இன்று உயிரோடு இருக்கும்" என்ற அடைமொழி வேண்டும். 1824இலேயே எடின்பரோவில் ஒரு கால்பந்துக் கழகம் இருந்தது. அது பின்னாளில் கலைந்துபோனது. 2004இல் ஃபிஃபா தன் நூற்றாண்டு விழாவில் இரண்டே இரண்டு கழகங்களுக்குச் சிறப்பு விருது தந்தது. ஒன்று ரியல் மாட்ரிட், இன்னொன்று ஷெஃபீல்டு எஃப்.சி.

கே: இது ஷெஃபீல்டு யுனைடெட்டின் பழைய பெயரா?

ப: இல்லை. யுனைடெட், வெட்னஸ்டே, எஃப்.சி. மூன்றும் தனித்தனிக் கழகங்கள். எஃப்.சி.யை ஊரில் "கிளப்" என்றே சொல்வார்கள்.

கே: ஆரம்பித்தவர்கள் யார்? எதிரணியே இல்லாத காலத்தில் யாரோடு ஆடினார்கள்?

ப: வழக்கறிஞர் நத்தானியேல் கிரெஸ்விக், ஒயின் வணிகர் வில்லியம் பிரெஸ்ட் என்ற இருவர். இருவருமே கிரிக்கெட் ஆடுபவர்கள். கிரிக்கெட் இல்லாத குளிர்கால மாதங்களில் உடம்பு துருப்பிடிக்காமல் இருக்க ஓர் ஆட்டம் வேண்டும் என்பதுதான் தொடக்கம். ஒரு தோட்ட வீட்டின் கண்ணாடிக் கூடம் அவர்களுடைய முதல் அலுவலகம், பக்கத்து வயல் ஆடுகளம்.

எதிரணி கிடையாது. ஆகவே உறுப்பினர்களையே இரண்டாகப் பிரித்துக்கொண்டார்கள். ஒருநாள் கல்யாணமானவர்கள் ஒரு பக்கம், ஆகாதவர்கள் மறுபக்கம். இன்னொரு நாள் வேறு ஏதாவது கணக்கு. மூன்று ஆண்டுகள் இப்படியே ஓடின. பிறகு மேற்குப் புறநகரில் ஹாலம் கழகம் வந்தது. 1860 டிசம்பர் 26 அன்று ஹாலமின் சாண்டிகேட் மைதானத்தில் இரு கழகங்களும் மோதின. இரண்டு வெவ்வேறு கழகங்கள் ஆடிய முதல் ஆட்டம் என்று வரலாற்றில் பதிவாகியிருப்பது இதுதான். ஷெஃபீல்டு 2–0 என வென்றது. தலைக்கணக்கு சமமில்லை. ஷெஃபீல்டு தரப்பில் 16 பேர், ஹாலம் தரப்பில் 20 பேர். அந்தக் காலத்தில் இது சண்டைக்குரிய விஷயமாக இருக்கவில்லை. சாண்டிகேட்டில் ஹாலம் இன்றும் ஆடுகிறது. உலகின் மிகப் பழைய கால்பந்து மைதானம் என்று கின்னஸ் பதிவில் இருப்பது அதுதான்.

கே: 1858இல் அவர்கள் எழுதிய விதிகளில் என்னதான் இருந்தது? இன்றைய விதிகளோடு ஒப்பிட்டுச் சொல்லுங்கள்.

ப: மொத்தம் 11 விதிகள். அச்சில் வந்தது 1859இல். இன்றைய ரசிகர் ஒருவர் அந்த ஆட்டத்தைப் பார்த்தால் பாதியைக் கால்பந்து என்பார், மீதியை என்னவென்று சொல்லத் தெரியாமல் விழிப்பார்.

ஆட்டம் நடுக்களத்தில் தரையில் வைத்த பந்தை உதைத்துத் தொடங்கும். இது இன்றும் மாறவில்லை. கோல் எல்லையிலிருந்து பந்தை வெளியே உதைப்பவர் 25 கஜத்துக்கு மேல் முன்னேறி வந்து உதைக்கக் கூடாது. காலைத் தட்டி விழவைப்பதும் முழங்காலுக்குக் கீழே உதைப்பதும் எந்த நிலையிலும் தவறு. ஆளைப் பிடித்து இழுக்கவும் கூடாது. ஆனால் கையால் தள்ளலாம்!

கையைப் பற்றிய விதிகளில்தான் பலரும் தடுக்கி விழுகிறார்கள். தரையில் கிடக்கும் பந்தைக் கையால் எடுக்கக் கூடாது. அதே சமயம் பறந்து வரும் பந்தைக் கையால் அடிக்கலாம், தட்டலாம். பிடித்து வைத்துக்கொள்ளத்தான் தடை. அதற்கும் ஒரு விதிவிலக்கு உண்டு. யாருடைய காலிலிருந்து வந்த பந்தானாலும் தரையில் படுமுன் பிடித்துவிட்டால், பிடித்தவருக்கு ஃப்ரீ கிக் கிடைக்கும். அந்த ஃப்ரீ கிக்கில் நேராகக் கோல் அடித்தால் செல்லாது. "பழைய கால்பந்து என்றால் பாதி ரக்பி" என்று எழுதுகிறவர்கள் கவனிக்க வேண்டியது இதை. பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடுவதற்கு ஷெஃபீல்டில் முதல் நாளிலிருந்தே இடமில்லை.

கோட்டைத் தாண்டிய பந்தை முதலில் தொடும் அணிதான் உள்ளே எறியும். நேராக எறிய வேண்டும். ஆஃப்சைடு (பந்து வருமுன்பே எதிரணி கோலருகே போய் நிற்பதற்கான தடை) பற்றி 11 விதிகளில் ஒரு வார்த்தை இல்லை. விளைவு என்ன? எதிரணி கோலுக்குப் பக்கத்திலேயே ஓரிருவரை நிறுத்திவைத்து, நீளமாக உதைக்கும் பந்துக்குக் காத்திருக்க வைத்தார்கள். தெருவில் ஆடும் பிள்ளைகளைக் கவனித்தவர்களுக்கு இந்த உத்தி புதிதல்ல.

பதினோராவது விதி சுவாரசியமானது. ஒவ்வொருவரும் சிவப்பில் ஒன்று, கருநீலத்தில் ஒன்று என ஃபிளானல் தொப்பி வைத்திருக்க வேண்டும். ஓர் அணிக்கு ஒரு நிறம். ஆள்கள் வாரத்துக்கு வாரம் அணி மாறுவதால் சட்டை தைத்துக் கட்டுப்படியாகாது, தொப்பியை மாற்றினால் போதும்.

கே: அந்தக் கால ஆட்ட முடிவுகளில் "ரூஜ்" என்று ஒரு கணக்கு வருகிறதே, அது கோலா?

ப: கோல் இல்லை. கோல் சமமானால் மட்டும் உதவும் உபரிக் கணக்கு. ஈட்டன் பள்ளி ஆட்டத்திலிருந்து கடன் வாங்கியது, 1860களின் தொடக்கத்தில் ஷெஃபீல்டு விதிகளில் சேர்ந்தது.

அன்றைய கோல் கம்பங்களுக்கு இடையே 4 கஜம்தான், இன்றைய அகலத்தில் சரிபாதி. இரு கம்பங்களுக்கும் வெளிப்புறம் 4 கஜம் தள்ளி பக்கத்துக்கொரு கொடி நடுவார்கள். ஆகக் கொடிக்குக் கொடி 12 கஜம். பந்து கோலுக்குள் போகாமல் இந்தக் கொடிகளுக்கு நடுவே போனால், தாக்கும் அணிக்காரர் ஓடிப்போய் முதலில் அதைத் தொட வேண்டும். தொட்டால் ஒரு ரூஜ். தற்காப்பு அணிக்காரர் முந்திக்கொண்டால் ஒன்றுமில்லை. ஒரு கோல் எத்தனை ரூஜையும் வெல்லும். கோல் கணக்கு சமமாகவோ இரு பக்கமும் பூஜ்யமாகவோ இருந்தால் மட்டும் ரூஜை எண்ணுவார்கள்.

இது ஏன் தேவைப்பட்டது என்றால், 4 கஜக் கோலில் இத்தனை பேர் குறுக்கே நிற்க, பந்து உள்ளே போவதே அபூர்வம். 1867இல் நடந்த யூடன் கோப்பையின் இறுதியாட்டத்தையே பாருங்கள். ஹாலம் அணி நார்ஃபோக் அணியை வென்றது இரண்டு ரூஜ் கணக்கில், கோலே விழவில்லை. அடுத்த ஆண்டே ரூஜ் விதி போய்விட்டது.

கே: லண்டன் சங்க விதிகள்தானே வென்றன? ஷெஃபீல்டு விதிகளால் என்ன பயன்?

ப: 1863இல் லண்டனில் கால்பந்துச் சங்கம் (எஃப்.ஏ.) உருவானபோது வரைவு விதிகளில் பந்தைத் தூக்கி ஓடுவதும் எதிராளியின் காலை உதைப்பதும் இருந்தன. ஷெஃபீல்டின் செயலாளர் வில்லியம் செஸ்டர்மன் அந்த நவம்பரில் எழுதிய கடிதத்தில் இவை இரண்டையும் எதிர்த்தார். முடிவில் இரண்டும் நீங்கின, ஆனால் அது கடிதத்தால் மட்டும் நடந்ததல்ல. லண்டன் கூட்டத்திலேயே அதே சண்டைதான் நடந்துகொண்டிருந்தது.

ஷெஃபீல்டு சங்கத்தில் சேர்ந்தாலும் தன் விதிகளிலேயே 1877 வரை ஆடியது. கார்னர் கிக் ஷெஃபீல்டிலிருந்து 1872இல் சங்க விதிகளுக்குப் போனது. பந்தைத் தலையால் முட்டுவதும் இங்கிலாந்தின் வடக்கத்திக்காரர்களிடமிருந்து பரவிய பழக்கமே. "தோற்றுப்போன விதிகள்" என்று இவற்றைச் சொல்வது எங்களுக்கு ஒப்புதலில்லை. வென்ற புத்தகத்துக்குள் பாதி இவர்கள் எழுத்து.

கே: இவ்வளவு பெருமை உள்ள கழகம் ஏன் பெரிய லீகில் இல்லை?

ப: காசு வாங்கி ஆட மாட்டோம் என்றார்கள், அதனால்தான். கழகம் 1873இல் எஃப்.ஏ. கோப்பையில் நுழைந்தது. ஷ்ராப்ஷயர் வாண்டரர்ஸுடன் இரண்டு முறை ஆடியும் கோல் விழாததால் நாணயம் சுண்டி அடுத்த சுற்றுக்குப் போனது. அந்த 1870களில் அது பலம் வாய்ந்த அணிதான். அதன் பிறகு ஆட்டக்காரர்களுக்கு மறைமுகமாகக் கூலி தரும் கழகங்கள் பெருகின. அவற்றிடம் எஃப்.சி. கோல் கணக்கில்லாமல் வாங்கிக்கட்டிக்கொண்டது. 1885இல் தொழில்முறை ஆட்டம் சட்டபூர்வமானது. வெட்னஸ்டே 1887இல் அந்தப் பக்கம் போனது. 1889 மார்ச்சில் ஷெஃபீல்டின் பிரமால் லேன் மைதானத்தில் நடந்த பிரஸ்டன்–வெஸ்ட் பிரோம்விச் எஃப்.ஏ. கோப்பை அரையிறுதியைப் பார்க்க 22,688 பேர் வந்தார்கள். அந்த வசூலைக் கண்ட மைதான நிர்வாகம் ஒரு வாரத்துக்குள் ஷெஃபீல்டு யுனைடெட்டைத் தொடங்கிவிட்டது. ரசிகர்கள் அந்த இரண்டு கழகங்களுக்கும் பிரிந்துபோனார்கள்.

கூலி வாங்காதவர்களுக்கென்று தனிக் கோப்பை வேண்டும் என்று கேட்டதே ஷெஃபீல்டு எஃப்.சி.தான். அந்த அமெச்சூர் கோப்பையை 1904இல் ஈலிங் அணியை 3–1 என வீழ்த்தி வென்றது. பிறகு 1977இல் கீழ் அடுக்குக் கழகங்களுக்கான எஃப்.ஏ. வாஸ் கோப்பையின் இறுதி வரை வந்து, மறு ஆட்டத்தில் பில்லெரிக்கே டவுனிடம் 2–1 எனத் தோற்றது.

கே: கையெழுத்து விதிப்புத்தகத்தை விற்றுவிட்டார்களாமே?

ப: ஆம். 2011 ஜூலையில் சதபீஸ் ஏலத்தில் 8,81,250 பவுண்டுக்கு. 1858 கையெழுத்துப் படியும், 1859 அச்சுப் பிரதியில் மிஞ்சியிருந்த ஒன்றும், மற்ற ஆவணங்களும் சேர்ந்த விலை அது. வருத்தம்தான். ஆனால் பெரிய வாசல் வசூல் இல்லாத கழகத்துக்குக் களம் பராமரிக்கவும் பணம் வேண்டுமே.

கே: இப்படிப்பட்ட கழகங்களை "நான்-லீக்" என்கிறார்களே, அப்படியென்றால் லீகில் ஆடாத அணியா?

ப: பெயர்தான் அப்படி. உச்சியில் நான்கு அடுக்குகளில் 92 கழகங்கள் இருக்கின்றன. அவற்றுக்குக் கீழே ஐந்தாம் அடுக்கிலிருந்து எல்லாமே நான்-லீக். அங்கும் லீக்குகள் உண்டு, சம்பளம் தருகிற கழகங்களும் உண்டு. 1987 வரை ஐந்தாம் அடுக்கில் முதலிடம் பிடித்தாலும் தானாக மேலே போக முடியாது, மேலே இருப்பவர்கள் ஓட்டுப் போட்டுச் சேர்க்க வேண்டும். அந்த ஆண்டு ஸ்கார்பரோ தான் முதலில் நேரடியாக ஏறியது. ஷெஃபீல்டு எஃப்.சி. 2007இல் வடக்கு பிரீமியர் லீகுக்கு ஏறியபோது சேர்ந்தது எட்டாம் அடுக்கில். அங்கே புள்ளிகள் மட்டும் போதாது. இருக்கை, மின்விளக்கு, உடைமாற்றும் அறை ஆகியவை அந்த அடுக்கின் தரத்துக்கு இல்லையென்றால் முதலிடம் பிடித்தும் ஏற முடியாமல் போகும்.

கே: மகன் ஷெஃபீல்டில் படிக்கிறான். ஆட்டம் பார்க்கப் போகலாமா?

ப: தாராளமாக. ஆனால் ஷெஃபீல்டு நகருக்குள் தேட வேண்டாம். 2001 முதல் கழகத்தின் களம் தெற்கே, டார்பிஷயர் மாவட்டத்தைச் சேர்ந்த டிரான்ஃபீல்டில், கோச் அண்ட் ஹார்சஸ் மதுக்கடையை ஒட்டி இருக்கிறது. ஷெஃபீல்டு நிலையத்திலிருந்து செஸ்டர்ஃபீல்டு பக்கம் போகும் ரயிலில் ஏறலாம், ஆனால் எல்லா வண்டியும் டிரான்ஃபீல்டில் நிற்காது, பார்த்து ஏறச் சொல்லுங்கள். சனிக்கிழமை ஆட்டம் வழக்கமாக மாலை 3 மணிக்கு. நவம்பர் முதல் பிப்ரவரி வரை, புறப்படுமுன் காலையில் கழகத்தின் அறிவிப்பைப் பார்ப்பது அவசியம். புல்தரையில் தண்ணீர் தேங்கினாலோ உறைபனி இறுகினாலோ நடுவர் வந்து சோதித்துவிட்டு அன்று காலையிலேயே ஆட்டத்தைத் தள்ளிவைத்துவிடுவார்.