கொரோனா காலத்தில் அரசு எடுத்த நடவடிக்கைகளை எதை வைத்து மதிப்பிடுவது?

எதை எப்போது மூடினார்கள் என்பதைவிட, எதை எந்த வரிசையில் திறந்தார்கள் என்று பாருங்கள். என் பதில் இதுதான். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தேன்கனிக்கோட்டைக்கு அந்தப் பக்கம் ஓர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் ஆசிரியராக இருக்கிறேன், அங்கே நின்று பார்த்ததைத்தான் எழுதுகிறேன்.

2020 மார்ச்சில் நோய் எப்படிப் பரவும், யாரைத் தாக்கும், எத்தனை மாதம் இருக்கும் என்று யாருக்கும் தெளிவாகத் தெரியாது. அந்த நிலையில் எல்லாவற்றையும் மூடியதை நான் குறை சொல்ல மாட்டேன். ராத்திரி எட்டு மணிக்கு அறிவித்து பன்னிரண்டு மணிக்கு நாட்டையே மூடியது தப்பு, அதில் சந்தேகமில்லை. எங்கள் பிள்ளைகளில் பலருடைய அப்பா அம்மா பெங்களூரில் கட்டட வேலையில் இருந்தார்கள், அவர்கள் ஊர் வந்து சேர்ந்த கதையைக் கேட்டால் தெரியும். ஆனால் அந்த ஏப்ரலில் அரிசி அட்டைக்கு 1000 ரூபாயும் அரிசி, பருப்பு, எண்ணெய், சர்க்கரையும் ரேஷன் கடையில் கொடுத்தார்களே, அதற்கு முழு மதிப்பெண் போடுவேன். யார் ஏழை, யார் இல்லை என்று அப்போது போய்க் கணக்கெடுக்க வேண்டியிருக்கவில்லை. கடை இருந்தது, அட்டை இருந்தது, மலைக் கிராமத்துக்கும் போய்ச் சேர்ந்தது.

சரி, திறந்த கதைக்கு வருகிறேன். ஏப்ரல் கடைசியில் மத்திய சுகாதாரத் துறை தொற்றின் நிலையை வைத்து மாவட்டங்களைச் சிவப்பு, ஆரஞ்சு, பச்சை என்று பிரித்தபோது தமிழ்நாட்டிலேயே பச்சையில் இருந்தது கிருஷ்ணகிரி மட்டும்தான். மே 7 அன்று சென்னை தவிர மற்ற இடங்களில் டாஸ்மாக் கடைகளைத் திறந்தார்கள். உயர் நீதிமன்றம் மூடச் சொன்னது, அரசு உச்ச நீதிமன்றம் வரை போய்த் தடை வாங்கி மே 16 அன்று மறுபடி திறந்தது. பத்தாம், பன்னிரண்டாம் வகுப்புக்குப் பள்ளி திறந்தது 2021 ஜனவரி 19. ஒன்பதும் பதினொன்றும் பிப்ரவரியில். அப்புறம் இரண்டாம் அலை, எல்லாம் மூடினார்கள், அப்போது மூடத்தான் வேண்டும், அந்த மே மாதத்தை நேரில் பார்த்த யாரும் வேறு மாதிரி சொல்ல மாட்டார்கள். செப்டம்பர் 1 அன்று 9 முதல் 12 வரை திறந்தது. ஒன்று முதல் எட்டு வரை நவம்பர் 1, 2021. கணக்குப் போட்டுப் பாருங்கள், 19 மாதத்துக்கு மேல். டென்மார்க்கில் 2020 ஏப்ரல் நடுவிலேயே முதலில் சின்னப் பிள்ளைகளைத்தான் பள்ளிக்குக் கூப்பிட்டார்கள். அது பணக்கார நாடு, வகுப்பில் கூட்டம் குறைவு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எங்கள் பள்ளியிலும் ஒரு வகுப்புக்குப் பதினைந்து பேர்தான், மைதானமும் புங்க மரமும் உண்டு. பச்சை மண்டலம் என்று பெயர் வாங்கியபோதும் சரி, அந்த வருடக் கடைசியில் தொற்று இறங்கியபோதும் சரி, இங்கே திறக்கலாமா என்று மேலே இருந்தவர்கள் யாரும் கேட்கவில்லை. தேர்வு இருக்கிற வகுப்புதான் முக்கியம் என்று முடிவு செய்தார்கள், தேர்வே இல்லாத பிள்ளைகள் கடைசிக்குப் போய்விட்டார்கள்.

எங்கள் பக்கம் இதில் இன்னொரு விஷயம் உண்டு, சென்னையில் இருப்பவர்களுக்குப் புரியாது. இங்கே பாதிப் பிள்ளைகள் வீட்டில் தெலுங்கோ கன்னடமோதான் பேசுவார்கள். தமிழ் என்பது பள்ளிக்கூடத்தில் மட்டும் காதில் விழுகிற மொழி. பள்ளியை மூடினால் அவர்களுக்குப் பாடத்தோடு சேர்ந்து மொழியே போய்விடுகிறது. கல்வித் தொலைக்காட்சியில் பாடம் போட்டார்கள், நல்ல முயற்சிதான், ஆனால் இங்கே நிறைய வீட்டில் டிவி இல்லை, செல்போன் அப்பாவோடு வேலைக்குப் போய்விடும். நவம்பர் முதல் வாரத்தில் மூன்றாம் வகுப்பில் ஒரு பெண் பிள்ளையிடம் "சாப்பிட்டியாம்மா?" என்று கேட்டேன். என்னையே பார்த்தாள். பக்கத்து வகுப்பிலிருந்து அவள் அண்ணன் வந்து தெலுங்கில் சொன்ன பிறகுதான் தலையாட்டினாள். ஒன்றாம் வகுப்பில் என்னிடம் தமிழில் கதை சொன்ன பிள்ளை அவள். இரண்டாம் வகுப்பு பெஞ்சில் ஒரு நாள்கூட உட்காராமல் மூன்றாவதுக்கு வந்திருந்தாள்.

அவளாவது வந்தாள். எட்டாம் வகுப்புப் பையன்கள் சிலர் ரோஜா வளர்க்கிற பாலிஹவுஸில் (பிளாஸ்டிக் கூரை போட்ட பசுமைக்குடில்) கூலிக்குப் போய்ப் பழகிவிட்டார்கள், ஒருவன் பேனா பிடித்தபோது விரல் முழுக்க முள் கிழித்த தழும்பு. இரண்டு பெண் பிள்ளைகளுக்குக் கல்யாணமே முடிந்துவிட்டது. வருகைப் பதிவேட்டில் பெயர் இருந்தது, வீட்டில் பிள்ளை இல்லை. ஒருத்தியின் அம்மா, "பள்ளிக்கூடம் தொறக்குமா தொறக்காதான்னு தெரியலயே சார், வயசுப் பொண்ண எத்தன நாள் வெச்சுக்கிட்டு இருக்கறது" என்றார். எனக்குப் பதில் வரவில்லை.

அப்புறம் அரசு செய்ததையும் சொல்ல வேண்டும். தன்னார்வலர்கள் தங்கள் தெருப் பிள்ளைகளுக்கே பாடம் எடுக்கிற இல்லம் தேடிக் கல்வி 2021 அக்டோபரில் தொடங்கியது, அது எங்கள் ஊரில் உண்மையாகவே வேலை செய்தது, காரணம் பாடம் எடுத்த பெண் அதே தெருக்காரி, பிள்ளைகளோடு தெலுங்கில் ஆரம்பித்துத் தமிழுக்குக் கொண்டுவரத் தெரிந்தவள். சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்கு அடிப்படை எழுத்தும் கணக்கும் சொல்லித்தரும் எண்ணும் எழுத்தும் திட்டம் 2022இல் வந்தது. மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்டில் எங்கள் மாவட்டத்தில்தான், சூளகிரி பக்கம் சாமனப்பள்ளியில் தொடங்கியது, சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. வீடு தேடிப் போகிற திட்டங்கள்தான் இங்கே பலித்தன. அதையே 2020 ஜூனில், பத்துப் பிள்ளைகளை மரத்தடியில் உட்காரவைத்து ஆரம்பித்திருக்கலாம், அனுமதி கேட்ட ஆசிரியர்கள் இருந்தார்கள்.

அதனால் அடுத்த முறை ஓர் உத்தரவு வந்தால், இது எந்தத் தேதியில் மறுபரிசீலனைக்கு வரும், என் மாவட்டத்துக்குத் தனியாக முடிவெடுக்க ஆட்சியருக்கு அதிகாரம் உண்டா, முதலில் திறப்பது எதை என்று அன்றைக்கே கேளுங்கள். நாங்கள் அன்றைக்குக் கேட்கவில்லை.