இழைக் கோட்பாடு உண்மையானால் இலத்திரன் பொய்யா?

ஹட்டனில் உயர்தரம் படிக்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: "எல்லாமே இழைதான் என்கிறார்கள். அப்படியென்றால் நாங்கள் படிக்கும் இலத்திரன், புரோத்தனுக்குள் இருக்கும் குவாக்கு எல்லாம் பொய்யா?"

பொய் இல்லை தம்பி. ஆய்வுகூடத்தில் சுரமானி (பெட்டிமேல் இழுத்துக் கட்டிய கம்பி) பரிசோதனை செய்திருப்பீர்கள். கம்பியில் சிறு கடதாசித் துண்டான ஓடியை வைத்து, அதிரும் இசைக்கவையைப் பெட்டியில் ஊன்றுவோம். நீளம் சரியாக அமையும்போதுதான் ஓடி துள்ளி விழும். கம்பி தனக்குப் பொருந்தும் அதிர்வுகளுக்கே மசியும். இழைக் கோட்பாடும் கிட்டத்தட்ட இதைத்தான் சொல்கிறது: எல்லாம் மிக நுண்ணிய இழைகளின் அதிர்வு; ஒருவகை அதிர்வு இலத்திரன், இன்னொன்று ஒளித் துகளான போட்டன்.

சுவையே அதன் பிறப்பில்தான். இதற்கு வித்திட்ட, 1968இல் இத்தாலியப் பௌதிகவியலாளர் வெனெசியானோ எழுதிய சூத்திரம் அணுக்கருவைக் கட்டிவைக்கும் வலிய விசைக்கானது. அந்த வேலையைக் குவாக்குக் கோட்பாடு பறித்துக்கொண்டது. ஆனால் இழைக் கணக்கில் திணிவற்ற, சுழற்சி (துகளின் உள்ளார்ந்த சுழல் அளவு) 2 கொண்ட வேண்டாத துகள் ஒன்று வந்துகொண்டே இருந்தது. 1974இல் பௌதிகவியலாளர்கள் ஷெர்க்கும் ஷ்வார்ஸும் அதை ஈர்ப்பைச் சுமக்கும் கிரவிட்டன் என்றார்கள். துரத்திய பூனை வீட்டுக்கே எலி பிடித்த கதை!

துகள்களையும் அவற்றின் விசைகளையும் விளக்கும் நியம மாதிரியில் ஈர்ப்புக்கு இடமில்லை. அதனால்தான் ஈர்ப்பையும் தரும் இழைக் கோட்பாட்டுக்கு இத்தனை மவுசு. சரி, ஆதாரம்? இதுவரை இல்லை. இழை 10⁻³⁵ மீற்றர் அளவில் இருக்கலாம் என்பார்கள். அதை நேரே பார்க்கும் சக்தி துகள்களை மோதவைக்கும் எந்த மோதுவிக்கும் இல்லை. ஜெனீவா அருகேயுள்ள சேர்ன் ஆய்வுகூடத்தில் 2012இல் ஹிக்ஸ் துகள் கிடைத்தது, தெரிந்த துகள்களுக்கு இணையாக எதிர்பார்த்த மீச்சமச்சீர்த் துகள்கள் கிடைக்கவில்லை. கோட்பாடு கேட்கும் 10 பரிமாணங்களில், நாம் காணும் வெளியின் 3உம் நேரமும் போக மிச்சம் 6 எப்படிச் சுருண்டிருக்கின்றன என்பதற்கும் எண்ணற்ற விடைகள். என் பார்வையில் அதன் பெரிய பலவீனம் இதுதான்.

பரீட்சைக்கு இலத்திரனையே எழுதுங்கள்.