உபுண்டுவில் கெர்னல் அப்டேட்டுக்குப் பிறகு வைஃபை போய்விட்டது. என்ன செய்வது, எங்கே புகார் சொல்வது?

முதலில் வேலை நடக்கட்டும், புகாரை அப்புறம் பார்க்கலாம். புது கெர்னல் (வன்பொருளை இயக்கும், உபுண்டுவின் மைய மென்பொருள்) வந்ததும் உபுண்டு முந்தையதை அழித்துவிடாது. கணினி தொடங்கும்போது எஸ்கேப் விசையை ஒருமுறை தட்டுங்கள், எந்தக் கெர்னலில் தொடங்குவது என்று தேர்ந்தெடுக்கும் கிரப் மெனு வரும். பழைய பயாஸ் கணினி என்றால் ஷிஃப்டை அழுத்திப் பிடியுங்கள். எஸ்கேப்பைப் படபடவென்று தட்டினால் மெனுவைத் தாண்டி கிரப்பின் கட்டளை வரியில் போய் நிற்கும், அவ்வளவுதான். மறுபடி தொடங்கினால் சரி. மெனுவில் 'அட்வான்ஸ்ட் ஆப்ஷன்ஸ்' என்பதற்குள் போய் முந்தைய எண்ணுள்ள கெர்னலைத் தேர்ந்தெடுங்கள். வைஃபை வந்துவிட்டால் பெரும்பாலும் புது கெர்னல்தான் குற்றவாளி.

புகாரைப் புது கெர்னலில் இருந்துகொண்டே அனுப்புங்கள், அப்போதுதான் பிழை பதிவாகியிருக்கும். இணையத்துக்கு ஃபோனை யூஎஸ்பி கேபிளில் மாட்டி டெதரிங் போட்டால் போதும். டெர்மினலில் 'உபுண்டு-பக் லினக்ஸ்' (ubuntu-bug linux) என்று ஆங்கில எழுத்தில் அடித்தால் வன்பொருள் விவரம், கெர்னல் லாக் எல்லாவற்றையும் அதுவே திரட்டி, உபுண்டுவின் பிழைப் புகார்கள் பதிவாகும் லாஞ்ச்பேட் தளத்தைத் திறக்கும். அங்கே ஒரு கணக்கு வேண்டும்.

"வைஃபை ஓடவில்லை" என்று மட்டும் எழுதினால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். கடைசியாக ஓடிய கெர்னல் எண், முதலில் சொதப்பிய எண் இரண்டையும் எழுதுங்கள். டெவலப்பர் தேட வேண்டிய இடம் அந்த இரண்டுக்கும் நடுவே சுருங்கிவிடும்.