பைரேட்ஸின் 112 தோல்விகள் – கடிதம்

வணக்கம் ஐயா,

பிட்ஸ்பர்க்கில் படிக்கிறேன். பழைய ஃபோர்ப்ஸ் ஃபீல்ட் பேஸ்பால் மைதானத்தின் சுவர் ஒரு துண்டு இன்னும் எங்கள் பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்தில் நிற்கிறது. 1960இல் இந்த ஊர் அணியான பைரேட்ஸ் நியூயார்க் யாங்கீஸை வென்று, அமெரிக்க பேஸ்பாலின் இறுதிக் கோப்பையான உலகத் தொடரை எடுத்தது இங்கேதான் என்று சீனியர் ஒருவர் காட்டினார். அதே அணி 1952இல் 112 ஆட்டங்களில் தோற்றதாம். "எல்லாம் அணியின் பொது மேலாளர் பிராஞ்ச் ரிக்கி போட்ட திட்டம், தோற்றுத்தான் அணியைக் கட்டினார்" என்கிறார். அப்படியும் ஒரு திட்டம் உண்டா?

ச.

அன்புள்ள ச.,

உங்கள் சீனியர் சொல்வதில் பாதிதான் சரி.

அப்போது சீசனுக்கு 154 ஆட்டம். பைரேட்ஸ் ஜெயித்தது 42. நேஷனல் லீகின் எட்டு அணிகளில் யாராவது கடைசியில் வந்துதானே ஆகவேண்டும், அது பெரிதில்லை. ஆனால் ஏழாவதாக வந்த பாஸ்டன் பிரேவ்ஸே இவர்களைவிட 22 ஆட்டம் கூடுதலாக ஜெயித்திருந்தது. (அந்த பிரேவ்ஸும் கூட்டம் வராமல் அடுத்த வருடமே மூட்டை கட்டி மில்வாக்கிக்குப் போய்விட்டது.)

ரிக்கி சாதாரண ஆள் இல்லை. புரூக்ளின் டாட்ஜர்ஸில் இருந்தபோது, கறுப்பினத்தவருக்கு மூடியிருந்த மேஜர் லீகுக்குள் (உச்சமட்ட லீக்) ஜாக்கி ராபின்சனைக் கொண்டுவந்தவர். சின்னப் பையன்களாகப் பிடித்துப்போட்டு வளர்த்தால் பின்னால் பலன் கிடைக்கும் என்று நம்பினார். திட்டம் என்றால் அதுதான். அதனால் 1952இல் இருபது வயதைத் தொட்டும் தொடாமலும் இருந்த டோனி பார்டிரோம், பாபி டெல் கிரெகோ போன்ற உள்ளூர்ப் பையன்கள் நேராகப் பெரிய மைதானத்தில் இறங்கினார்கள்.

எனக்கு அந்த வருடம் என்றால் ரான் நெச்சாய்தான். வயிற்றுப் புண்ணோடு திரிந்த பிட்சர் (பந்து வீசுபவர்), வயது பத்தொன்பது. மே 13 அன்று பிரிஸ்டல் என்ற சிற்றூரில், கீழ்மட்ட லீக் ஆட்டம் ஒன்றில் 27 பேரை ஸ்டிரைக் அவுட் (பந்தை அடிக்க விடாமலே அவுட்டாக்குவது) செய்தார். ஒரு ஆட்டத்தில் எடுக்கவேண்டிய அவுட்டே மொத்தம் 27தான்! ஒருவர் தரையோடு அடித்து அவுட்டானார், ஆனால் ஸ்டிரைக் அவுட்டான இன்னொருவரின் பந்தை கேட்சர் (பின்னால் நின்று பிடிப்பவர்) விட்டுவிட்டதால் அவர் அவுட்டாகாமல் முதல் பேஸுக்கு ஓடிவிட, கணக்கு சரியாக 27இல் வந்து நின்றது. ஆகஸ்டில் பையனைப் பிட்ஸ்பர்க்குக்குக் கூட்டிவந்துவிட்டார்கள். ஒரு வெற்றி, ஆறு தோல்வி. அப்புறம் ராணுவம், தோள் வலி. மேஜர் லீகில் அவருக்கு அந்த ஒரு சீசன்தான். பார்டிரோமுக்கும் அப்படியே, 1952க்குப் பிறகு ஒரு ஆட்டம்கூட இல்லை.

பைரேட்ஸின் நட்சத்திரம் ரால்ஃப் கைனரையும் சொல்லவேண்டும். 1946 முதல் தொடர்ந்து ஏழு சீசன் நேஷனல் லீகின் ஹோம் ரன் (பந்தை எல்லைக்கு வெளியே அடிப்பது) பட்டியலில் முதலிடம், சில வருடம் தனியாக, சில வருடம் இன்னொருவரோடு சமமாக. 1952இலும் 37 அடித்தார். அவர் சம்பளத்தைக் குறைக்கப் பார்த்த ரிக்கி, "நீ இருந்தும் கடைசியில்தான் வந்தோம், நீ இல்லாமலும் கடைசியில் வரலாம்" என்றாராம். 1953 ஜூனில் அவரை சிகாகோ கப்ஸுக்கு அனுப்பிவிட்டு, சொன்னதைச் செய்தும் காட்டினார்: 53, 54, 55, மூன்று வருடமும் கடைசி இடம்.

சரி, 1960க்கு வருவோம். 52இல் ஆடியவர்களில் வெற்றிக்கு முக்கியமாக நின்றவர்கள் என்று பார்த்தால் டிக் குரோட், பாப் ஃபிரெண்ட் இருவர்தான். வெர்ன் லா 52இல் ராணுவத்தில் இருந்தார். 1960 கடைசி ஆட்டத்தை ஹோம் ரன் அடித்து வென்று தந்த மசரோஸ்கி அப்போது பள்ளிக்கூடப் பையன். 1960 அணியின் இன்னொரு நட்சத்திரம் கிளெமென்டி விஷயத்தில் மட்டும் உங்கள் சீனியருக்கு ஒரு மார்க் போடலாம்: 1954இலும் கடைசியில் வந்ததால்தான் அந்த நவம்பரில் பிற அணிகளின் கிளை வீரர்களில் முதலில் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு பைரேட்ஸுக்கு வந்தது, டாட்ஜர்ஸ் தன் மான்ட்ரியல் கிளை அணியில் ஒளித்து வைத்திருந்த அவரை 4,000 டாலருக்குத் தூக்கிவிட்டார்கள். அதற்கு அடுத்த வருடமே ரிக்கி பொறுப்பிலிருந்து இறங்கிவிட்டார், கோப்பை வந்தபோது நாற்காலியில் இருந்தவர் ஜோ பிரவுன்.

ரிக்கி விதைத்தது முளைத்தது, மறுக்கவில்லை. ஆனால் 112 தோல்வியையும் அதற்கான உரம் என்று கணக்கெழுதுவது எனக்கு ஒப்பவில்லை. அவசரமாக மேலே ஏற்றிய பையன்களில் பலர் அங்கேயே முடிந்துபோனார்கள்.

அக்டோபர் 13 அன்று அந்தச் சுவருக்குப் போங்கள். 1960 கடைசி ஆட்டத்தின் ரேடியோ வர்ணனையைப் போட்டு ரசிகர்கள் கூடிக் கேட்பார்கள். சீனியரையும் அழைத்துப்போய் நெச்சாயைத் தெரியுமா என்று கேளுங்கள், என்ன சொன்னார் என்று எழுதுங்கள்.