நீரேரிக்குள் இறங்கும் கழிவு: கதிரியக்கத்தை நாம்தான் நிரூபிக்க வேண்டுமா?

கேள்வி: தொண்டைமானாறு நீரேரியில் இறால் பிடித்து வாழ்கிறோம். கரையோரத் தொழிற்சாலை ஒன்று குவிக்கும் சாம்பல் நிறக் கழிவு மாரியில் கரைந்து நீரேரிக்குள் இறங்குகிறது. அது கதிரியக்கக் கழிவு என்று ஊரில் பேச்சு. பிரதேச சபையோ தனக்கு அதிகாரமில்லை என்று கடிதம் தந்துவிட்டது. வழக்குப் போடலாமா?

பதில்: போடலாம். ஆனால் மனுவின் முதல் வரியிலேயே கதிரியக்கம் என்று எழுதிவிடாதீர்கள். நிரூபிக்கும் சுமையை நீங்களாகவே தலையில் ஏற்றிக்கொள்வீர்கள். 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டப்படி, விதித்துரைக்கப்பட்ட (அனுமதி தேவையென அரசு பட்டியலிட்ட) தொழில் எதுவும் அனுமதிப்பத்திரமின்றிக் கழிவை வெளியேற்ற முடியாது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் மத்திய சுற்றாடல் அதிகாரசபையிடம் அந்தப் பத்திரத்தின் பிரதியைக் கேளுங்கள். தருவதா இல்லையா என்பதை 14 வேலை நாட்களுக்குள் அவர்கள் முடிவு செய்ய வேண்டும்.

ஊர்ப் பேச்சை வெறும் வதந்தி என்று நான் தள்ளவும் மாட்டேன். பொஸ்பேற்றுப் பாறையில் இயல்பாகவே யுரேனியம் உண்டு. அதைப் பதப்படுத்திய பின் எஞ்சும் ஜிப்சத்தில் ரேடியம் தங்கும். ஸ்பெயினின் உவெல்வா கழிமுகத்தில் இத்தகைய கழிவு சுமார் 1,200 ஹெக்டேயரில் குவிந்து கிடக்கிறது. உங்கள் கரையில் இருப்பது என்னவென்று ஆய்வுகூடமே சொல்ல வேண்டும். 2014ஆம் ஆண்டின் 40ஆம் இலக்க அணுசக்திச் சட்டத்தின் கீழ் அமைந்த ஒழுங்குபடுத்தல் பேரவைக்குப் பதிவுத்தபாலில் எழுதி, நீரோடு அடிச்சேற்றையும் பரிசோதிக்கக் கேளுங்கள். கதிரியக்கப் பொருள்கள் சேற்றில்தான் அதிகம் படியும். நீங்களாக அள்ளிப் போத்தலில் அடைத்துக் கொண்டுபோகாதீர்கள். கைக்கும் கேடு, சான்றாகவும் நிற்காது.

கழிவு இறங்குவதை உடனே தடுக்க நீதவான் நீதிமன்றம் போதும். குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 98ஆம் பிரிவு பொதுத்தொல்லையை அகற்ற நிபந்தனைக் கட்டளை இட இடம் தருகிறது. நட்டஈட்டுக்கு முன்மாதிரி நம் வாசலிலேயே உண்டு: சுன்னாகம் நிலத்தடி நீரில் எண்ணெய் கலந்த வழக்கில், மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கோட்பாட்டின்படி 2 கோடி ரூபாய் வழங்குமாறு 2019இல் உயர் நீதிமன்றம் மின்நிலைய நிறுவனத்துக்குக் கட்டளையிட்டது. மனு 2015இல் போடப்பட்டது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

அது அடிப்படை உரிமை மனு. அதிகாரிகளின் பாராமுகத்துக்கு எதிராக நீங்களும் அதைப் போடலாம். ஆனால் உரிமை மீறப்பட்டதிலிருந்து ஒரு மாதமே அவகாசம். அந்த மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், விசாரணை நடக்கும் காலம் கணக்கில் சேராது. முறைப்பாட்டுப் பற்றுச்சீட்டை மட்டும் நம்பியிருக்க வேண்டாம். விசாரணை நிலுவையில் இருப்பதற்கும் ஆதாரம் கேட்பார்கள்.

அந்த மாதம் பிரதேச சபைக் கடிதத்திலிருந்தே ஓடத் தொடங்கியிருக்கலாம்; அதன் திகதியை நீங்கள் எழுதவில்லை. மூன்று வாரம் கடந்திருந்தால் மற்ற எல்லாவற்றையும் பிறகு பாருங்கள்; நாளைக் காலையே ஆணைக்குழுவின் யாழ்ப்பாண அலுவலகத்துக்குப் போய்விடுங்கள்.