மருந்தை விடுவதற்கு முன்னால் கொட்டிலைத் திறவுங்கள்

அன்டிபயோட்டிக் இல்லாமல் கோழி, மாடு வளர்ப்பது பற்றி மலைநாட்டிலிருந்து வந்த கேள்விகளுக்கு எழுதுகிறேன். இருபது வருடத்துக்கு மேல் தோட்டப்பகுதிக் கொட்டில்களில் ஏறி இறங்கியவன். இன்றைக்கும் வீட்டில் மாடு நிற்கிறது.

பண்டாரவளைத் தம்பி: 200 புரொய்லர் வளர்க்கிறேன். குஞ்சு இறக்கிய நாளிலிருந்தே தண்ணீரில் மருந்துத்தூள் கலக்கிறேன். அடுத்த முறை நிறுத்திவிடலாமா?

நிறுத்தலாம் தம்பி, ஆனால் முதலில் கொட்டில். காலையில் உள்ளே போய், கோழியின் உயரத்துக்குக் குந்தி இரண்டு நிமிடம் இருந்து பாருங்கள். கண் எரிகிறதா? அது எச்சத்திலிருந்து கிளம்பும் அமோனியா. உங்கள் கோழி இரவு பகலாக அதைத்தான் சுவாசிக்கிறது. மூச்சுக்குழாய் புண்ணானால் சளி பிடிக்கும். அந்தச் சளியை மூடிமறைக்கத்தான் தூள் தேவைப்படுகிறது.

நம் பக்கத்தில் குளிருக்குப் பயந்து உரச்சாக்காலும் பொலித்தீனாலும் கூரைவரை அடைத்துவிடுகிறோம். கீழே அடையுங்கள், கூரையடியில் ஒரு சாண் திறந்திருக்கட்டும். சூட்டைக் குஞ்சு நிற்கும் வட்டத்துக்குள் கொடுங்கள். முதல் வாரம் 32 பாகை அளவு, பிறகு வாரத்துக்கு 3 பாகை வீதம் குறையுங்கள். குஞ்சுகள் பல்புக்கடியில் ஒன்றன்மேல் ஒன்று ஏறினால் குளிர்கிறது, ஒதுங்கி வாயைத் திறந்தால் சூடு அதிகம். உமியை ஒரு பிடி அள்ளி இறுக்குங்கள். உருண்டையாக நின்றால் ஈரம், உடனே மாற்ற வேண்டும். 200 குஞ்சு எடுக்கும் இடத்தில் 150 எடுங்கள். தடுப்பூசியில் மட்டும் கை வைக்காதீர்கள், அது அன்டிபயோட்டிக் அல்ல.

மஸ்கெலியாவிலிருந்து ஒரு அக்கா: நோய் வந்த மிருகத்துக்கும் மருந்து கொடுக்காமல் விடுவது பாவமில்லையா?

பாவம்தான் அக்கா. அப்படி யாரும் விடக்கூடாது. பிரித்து வைத்து, மிருக வைத்தியரைக் காட்டி, அவர் சொன்ன நாள்வரை முழுதாகக் கொடுங்கள். மருந்து உடம்பிலிருந்து நீங்கும் காலம் முடியும்வரை முட்டையோ பாலோ இறைச்சியோ விற்க வேண்டாம். நான் எதிர்ப்பது, நோயே இல்லாத மந்தைக்குத் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுப்பதை. அந்தச் சிறு அளவில் சாகாமல் தப்பும் கிருமிதான் பெருகும். பிறகு அதே வகை மருந்து நம் பிள்ளைக்குத் தேவைப்படும் நாளில் வேலை செய்யாமல் போகலாம்.

தலவாக்கலை: ஒரு மாட்டுக்கு அடிக்கடி மடிநோய். அன்டிபயோட்டிக் ஊசி போட்ட மாட்டின் பாலைத் தயிருக்கு ஊற்றலாமா?

ஊற்றவே வேண்டாம். எங்கள் வீட்டில் ஒருமுறை தெரியாமல் கலந்து, ஒரு சட்டிகூட உறையவில்லை. மருந்து தயிர்க் கிருமியையும் கொன்றுவிடுகிறது.

மடிநோய் கறக்கும் நேரத்திலும், கறந்த பிறகு ஈரத்தில் படுக்கும்போதும் தொற்றலாம். ஒவ்வொரு காம்பிலும் முதல் இரண்டு பீச்சைக் கறுப்புத் துணியில் விடுங்கள், திரி திரியாக வந்தால் நோய் தொடங்கிவிட்டது. அந்த மாட்டைக் கடைசியாகக் கறவுங்கள். ஒரு மாட்டுக்குத் துடைத்த துணி அடுத்த மாட்டுக்கு வேண்டாம். கறந்ததும் புல் போடுங்கள். காம்புத் துளை மூட அரைமணி நேரமாவது ஆகும், அதுவரை மாடு ஈரத்தில் படுக்காமல் நிற்க வேண்டும்.

ஹட்டன்: வேறு நாட்டில் இது நடந்திருக்கிறதா?

ஸ்வீடன் 1986இல் வளர்ச்சிக்காகத் தீவனத்தில் அன்டிபயோட்டிக் கலப்பதைத் தடைசெய்தது. முதலில் பால் மறந்த பன்றிக்குட்டிகளுக்கு வயிற்றோட்டம் கூடியது. குட்டியைப் பிரிக்கும் வயதையும் இடத்தையும் சுத்தத்தையும் மாற்றிய பிறகே நிலைமை சீரானது. ஐரோப்பிய ஒன்றியம் முழுதும் தடை வந்தது 2006இல்.

புசல்லாவை: லயத்து வரிசை வீட்டுக்குப் பின்னால்தான் கொட்டில். மேய்க்க நிலமில்லை. எங்களால் என்ன முடியும், ஐயா?

இந்தக் கேள்விதான் என்னை உறுத்துகிறது. நிலம் உங்கள் கையில் இல்லை, அதற்கு உங்களைக் குறை சொல்ல முடியாது. மூன்று காரியம் செய்யுங்கள். எழும்பிப் படுத்துத் திரும்பும் அளவுக்குக் கயிற்றை நீட்டுங்கள். சுவரில் ஒரு பலகையைக் கழற்றி வெளிச்சம் விடுங்கள். தரையைச் சரிவாக்கி மூத்திரம் வடியச் செய்யுங்கள். பழைய தேயிலைச் செடியை வேரோடு பிடுங்கிய மலையில் மண்ணைத் தேற்ற நட்ட குவாத்தமாலாப் புல் இருந்தால், கேட்டு வெட்டிக்கொள்ளுங்கள். பொழுது சாய முன் பத்து நிமிடம் ரோட்டோரமாக நடத்திக் கூட்டிவாருங்கள். கொட்டில் வாசலைத் தாண்டியதும் மாடு காதை முன்னால் நீட்டும், பாருங்கள்.